ஒராள் கேட்ட கார்

முதலில் எனக்குப் பொறாமை வந்தது அந்தக் காரின் மேல் கிடந்த படங்கின் மீதுதான். நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டு கிடக்க அந்தப் படங்குக்கு என்ன தகுதி? தோட்டத்தில் மழைக்கு வெங்காயம் மூடுகிற கன்வஸ் படங்கு. ஓரமெல்லாம் செம்மண் கறை. காற்றடித்தால் ஒரு மூலை மெல்லத் தூக்கும். கடும்பச்சையில் ஒரு வளைவு தெரியும். தெரிந்த கையோடு மூடிவிடும். நான் அந்த வீட்டு வாசல் படலைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, செயின் கழன்றதுபோல் குனிந்துகொண்டு, அந்த வளைவுக்காகக் காத்திருப்பேன். மருதனார்மடச் சந்தியில் பஸ் பிடித்து, சாவகச்சேரி நீதவான் கோட்டில் கிளாக்கர் மேசைக்குப் போய்ச் சேருகிற மனிசனுக்குக் காலையில் கிடைக்கிற அழகு அவ்வளவுதான்.

கார் ஒரு பெரியவருடையது. மலாயாவில் எஞ்சினியராக இருந்து, பென்சன் எடுத்து, கப்பலில் அதையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தவர். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கன்வஸ் கூரையை மடித்துப் பின்னால் தள்ளினால் தலைக்கு மேல் வெறும் வானம். வந்த புதிதில் மனைவியை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும் வழியில் காற்று அந்த அம்மாவின் கொண்டையை அவிழ்த்துவிட்டது. சனம் பார்க்கத் தலைவிரிகோலமாகப் படலையடியில் வந்து இறங்கியவர், “இனி உதிலை ஏறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சொன்னபடியே ஏறவில்லை. மனைவி ஏறாத காரில் தனியே போக அவருக்கும் மனமில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஸ்ராட் பண்ணி, படலை மட்டும் உருட்டி வந்து, திரும்பவும் முன்பக்கம் திறந்த கறாச்சுக்குள் கொண்டுபோய் விடுவார். வருசக்கணக்காக அந்தக் காரின் பயணம் கறாச்சிலிருந்து படலை, படலையிலிருந்து கறாச்.

என்னை வதைத்தது அந்த ஓடாமைதான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளியிலிருந்து சாமான் எதுவும் வராத காலம். எங்கள் றோட்டில் ஓடிய கார்களெல்லாம் கம்பியாலும் கயிற்றாலும் கட்டப்பட்டவை. புகையிலையும் கலியாண வீட்டுச் சனமும் மாறி மாறி ஏறி இறங்கி, கதவு ஒரு பக்கம் நெளிந்து, இருமி இருமிப் போகும். எல்லாமே தேய்ந்துகொண்டிருந்த அந்த ஊரில், படங்குக்குக் கீழே ஒரு வேகம் செலவழியாமல் படுத்துக் கிடந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. எனக்காகத்தான் படுத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு ஒரு நியாயமும் இருக்கவில்லை.

“ரெண்டு சீற்றுக் காரிலை பிள்ளையளை எங்கை வைக்கிறது? டிக்கியிலையோ?” என்றாள் மனைவி. நான் அவளிடம் காரைப்பற்றி வாயே திறந்ததில்லை. என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் குனிந்து நின்றபோது பெரியவர் படலையைத் திறந்தார்.

“என்ன தம்பி, செயின் இண்டைக்கும் கழண்டு போச்சோ?”

அவரே உள்ளே கூட்டிப்போய்ப் படங்கை இழுத்துவிட்டார். “இருந்து பாரும்” என்றார். இருந்தேன். தோல் சீற்று புதுச் செருப்பைப்போல் மணத்தது. ஸ்ரியறிங்கைப் பிடித்த இடத்தில் என் விரல் வியர்வை பட்டது. உடனே அதைச் சேட்டு நுனியால் துடைத்தேன்.

“கண்ணிலை வெள்ளை படருது. இனி உதை வைச்சிருந்து நான் என்ன செய்யிறது?” என்றார் அவர்.

ஒரு மனிசன் இதைவிட எப்படிக் கதவைத் திறந்துவிட முடியும்? நான் செய்ததைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் தனக்கு வேண்டியதைத் தனக்கென்று கேட்பதில்லை. காணியென்றாலும் கலியாணமென்றாலும் முதலில் ஒரு ‘ஒராள்’ போவார். “ஒராள் கேட்டவர்”, “ஒராள் விசாரிக்கச் சொன்னவர்.” அந்த ஒராளுக்குப் பேரில்லை, முகமில்லை. மறுத்துவிட்டால் வெட்கப்படுவதும் அவர்தான், நாங்களல்ல. காரியம் சரிவரும் போலிருந்தால் இரண்டாம் முறை போகும்போது அவருடைய முகத்தை நாங்கள் மாட்டிக்கொள்வோம்.

“ஐயா, உதைக் குடுக்கிறதெண்டால்... ஒராள் கேட்டவர்.”

“ஆர்?”

“எனக்குத் தெரிஞ்ச ஒராள். நல்ல மனிசன். வடிவாய் வைச்சிருப்பார்.”

மலாயாவில் அரை வாழ்க்கை கழித்தவருக்கு எங்கள் ஒராள் வழக்கம் மறந்துபோயிருந்தது. சொன்னதை அப்படியே நம்பினார்.

“அப்ப அவரை வரச்சொல்லும். ஆளைப் பாத்துத்தான் குடுப்பன்.”

“ஓம் ஐயா” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். செயின் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வெள்ளி, நல்ல நேரம் பார்த்து, நானே அந்த ஆள் என்று சொல்வதாக இருந்தேன். காசுக்கும் அந்தக் கிழமை முழுக்க ஓடித்திரிந்து வழிபண்ணினேன்.

அந்த வெள்ளியும் வந்தது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கறாச் வெறுமையாகக் கிடந்தது. நிலத்தில் ஒரு பொட்டு எண்ணெய். படங்கையும் காணவில்லை.

“வாரும் தம்பி, வாரும்! உம்மடை ஆள் வந்தவர்!” என்றார் பெரியவர்.

“என்ரை ஆளோ?”

“ஓம், அந்த ஒராள். நீர் சொன்ன மாதிரி நல்ல மனிசன். தன்ரை படங்கை எடுக்க வந்தவர், மழை வரப்போகுது, வெங்காயம் மூடவேணும் எண்டு. உம்மடை கதையைச் சொன்னன். ‘ஓமோம், அது நான்தான்’ எண்டார். காசையும் எண்ணித் தந்து, காரையும் படங்கையும் சேத்துக் கொண்டுபோட்டார்.”

படங்கை இரவல் கொடுத்திருந்தவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். நான் கோட்டில் பேனை பிடிக்க, அவன் தகப்பனின் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தான். வெளிநாட்டு வெங்காயம் வராத காலத்தில் எங்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வந்த விலையில் அவன் கல்வீடு கட்டினான், கிணற்றுக்குத் தண்ணி மெசின் பூட்டினான். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நல்ல சிநேகிதனுக்குரிய முகத்தோடு வீடு குடிபூரலுக்கும் போய்ச் சாப்பிட்டேன். ஆனால் காரை?

பெரியவரின் மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். “உமக்குப் புண்ணியம் கிடைக்கும் தம்பி. உது போனது எனக்கு எவ்வளவு நிம்மதி!” நான் வடையை மென்றேன். அது மரத்தூள் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு என் காலைகள் அவனுடையவை. பல் தீட்டும்போது தூரத்தில் எஞ்சின் கேட்கும். அவன் கியர் மாற்றுவது பிந்தி. மூன்று மாற்றவேண்டிய இடத்தில் இரண்டிலேயே அலறவிடுவான். என் பல் கூசும். எத்தனை வருசமாகத் தூங்கிய வேகம் அது, அதை அவன் சந்தைக்கும் தோட்டத்துக்குமாக அள்ளி அள்ளி இறைத்தான். பக்கத்துச் சீற்றில் யார் இருந்தது தெரியுமா? வெங்காய மூட்டை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவான்.

“ஏறு மச்சான், யாழ்ப்பாணக் கச்சேரியடி மட்டும் விடுறன்.”

“வேண்டாமடா. காத்து எனக்கு ஒத்துவராது.”

“கொண்டை அவிண்டுபோமோ?”

சந்தியே சிரிக்கும். தேத்தண்ணிக் கடைக்காரர் வேறு, “ஐயா பிடிச்சுக் குடுத்த காரல்லோ!” என்பார். ஊருக்கு நான் தரகனாகிவிட்டேன். அவனும் தரகென்று சொல்லி தாளோடு கட்டிய ஒரு பெரிய பிடி வெங்காயம் வீட்டுக்கு அனுப்பினான். அந்தக் கிழமை முழுக்க என் கண் எரிந்தது. வெங்காயம்தான் என்று மனைவிக்குச் சொன்னேன்.

பிறகு ஆட்சி மாறியது. கப்பலில் வெங்காயமும் மிளகாயும் வந்திறங்கின. புதுப்புதுக் கார்களும் வந்தன. தோட்டத்து விலை விழுந்தது, பழைய காரின் விலையும் விழுந்தது. ஒரு ஞாயிறு காலை அவன் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான்.

“மச்சான், நான் அரபு நாட்டுக்குப் போறன். உதைக் குடுக்கவேணும். ஆரும் இருந்தாச் சொல்லு.”

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “ஒராள் இருக்கிறார்.”

அவன் சிரித்தான். கதிரையில் சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

“அண்டைக்குக் கேட்ட அதே ஆளோ?”

“உனக்குத் தெரியுமோ?”

“பெரியவர் சொன்ன உடனையே தெரியும். கார் வாங்கிற அளவிலை உனக்கு ஆரடா தெரியும், என்னைத் தவிர?”

“தெரிஞ்சுகொண்டோ வாங்கினனீ?”

“ஓம்.” சிரிப்பு நின்றுவிட்டது. “நீ படலையடியிலை குனிஞ்சு நிக்கிறதை நான் பக்கத்துத் தோட்டத்திலை நிண்டு தினமும் பாத்தனான். உனக்கு மட்டும்தான் எரியுமெண்டு நினைச்சியோ? நீ வெள்ளைச் சேட்டோடை பஸ் ஏறிப் போவாய். எனக்குக் கை முழுக்க மண். உது ஒண்டிலையாவது உன்னை முந்தவேணும் எண்டிருந்தது. நீ உன்ரை வாயாலை எனக்கெண்டு கேட்டிருந்தா விட்டிருப்பன். நீ கேக்கேல்லை.”

என் வெள்ளைச் சேட்டுக்கு ஒருவன் பொறாமைப்படுவான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதில் ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்தது. ஆனால் எரிச்சல் அதனால் அணையவில்லை.

“எனக்கு வேணும்” என்றேன். குரல் பிசகி, பொடியன் குரலாக வெளியே வந்தது.

குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: “அப்பாடா. கடைசியா வாய் திறந்திட்டுது.”

இப்போது அது என்னிடம் இருக்கிறது. சீற்றில் அவனுடைய முதுகின் பள்ளம். எப்படி நிமிர்ந்து இருந்தாலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகிறேன். மழை நாளில் தரைவிரிப்பிலிருந்து வெங்காயம் மணக்கிறது. மூன்றாம் கியர் பிந்தித்தான் விழுகிறது. அவன் அப்படிப் பழக்கிவிட்டான். படலை மட்டுமே போய் வந்த அந்தக் கார், யாரும் செலவழிக்காத அந்த வேகம், அது அவனுக்குத்தான் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது மிச்சம். மிச்சத்தைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் மனைவியை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போனேன். தலையை இறுக்கிப் பின்னி, சேலைத்தலைப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். கேணியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்தால், முன்பின் தெரியாத ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். மட்காட்டின் அந்த வளைவை விரலால் தடவினார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

“உது ஆரின்ரை கார் ஐயா?”

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒராளின்ரை” என்றேன்.