திறப்புகளோடு கோத்த பேனை

இதை எழுதப் பல வருடங்களாகக் கை கூசியது. முருகனைக் கும்பிட்டுவிட்டு இன்று எழுதுகிறேன்.

முன்னொருநாள் தபால் கந்தோரில் ஒரு கடிதத்துக்கு முகவரி எழுதி முடித்தேன். என் சின்னப் பேனை வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளோடு ஒரே வளையத்தில் கோத்திருந்தது. கந்தோர்ப் பேனையின் முனை உடைந்திருந்ததால், பக்கத்துக் கடற்கரையான கொழும்புத்துறையிலிருந்து ஓடிவந்த மீன்பிடிகாரர் ஒருவர் வெறும் தந்திப் படிவத்தோடு நின்றார்.

“அண்ணை, பேனையை ஒருக்காத் தாங்கோ. அப்பு சாகக் கிடக்கிறார். கொழும்பிலை நிக்கிற தமையன் இண்டைக்கே றெயில் ஏறவேணும்.”

“வீட்டுத் திறப்பெல்லாம் இதிலை கிடக்குத் தம்பி.”

“உங்கடை வீடு எங்கையெண்டே எனக்குத் தெரியாது அண்ணை!” என்று அந்த அந்தர அவசரத்திலும் சிரித்தார்.

நான் வளையத்தை மடியில் செருகிக்கொண்டேன். அவர் வெளியே ஓடி ஒரு பேனை இரந்து வருவதற்குள் தந்தி வாங்கும் யன்னலைச் சாத்திவிட்டார்கள்.

“தமையன் இனி அப்புவை உயிரோடை காணான்” என்றார். என்னை ஒரு சொல் ஏசவில்லை.

மறுநாள் கடையில் மினுங்கிய பேனைகளை விலக்கி, இழுத்தால் மூடியை வளையத்தில் விட்டுத் தனியே கழன்று வரும் பேனையைத் தேர்ந்தெடுத்தேன். கேட்ட எவருக்கும் இன்றுவரை அதைக் கொடுக்க மறுத்ததில்லை. இதை முருகன் சந்நிதியிலும் துணிந்து சொல்வேன். ஆனால் அந்தத் தந்தி அன்று போகாதது என்னால்தான். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், என்னை நல்லவனாக்காமல் உள்ளபடியே சொல்லுங்கள்.