எக்ஸ்பிரஸ் என்னிடம் வாங்கிய பேனா

என் தங்கை ஜெயித்தவற்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஒன்று விட்டுப்போனாலும் சண்டைக்கு வருவாள். முப்பத்தெட்டு கிலோ இருந்த உடம்பை ஐம்பத்தொன்றாக்கினாள். எங்கள் தையல்கூடத்தின் இருபத்திரண்டு மெஷின்களில் கழிப்பறைக்கு மிகப் பக்கத்தில் இருப்பதை, பதினைந்து வருடம் அதில் உட்கார்ந்திருந்த காஜாக்காரரிடமிருந்து வாங்கினாள். நோயைச் சொன்ன பிறகும் எழுந்து ஓடாத ஒரு மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்னும் இரண்டு உண்டு. அவற்றை அதனதன் இடத்தில் சொல்கிறேன்.

நான் அதே கூடத்தில் கட்டிங் மாஸ்டர். எட்டாவது வரை படித்தவன். அவளுக்குப் பதினேழு வயதில் அந்த நோய் வந்தது. பெருங்குடலின் உட்புறம் புண்ணாகிவிடும், அடங்கும், மறுபடி கிளம்பும், ஒரேயடியாகப் போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார் குடல் டாக்டரம்மா. அப்பா அம்மா இல்லாததால் மருத்துவமனைத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் பதினெட்டும் ஆயிற்று, இருபத்தெட்டும் ஆயிற்று. சம்பளப் பதிவேட்டிலும் கல்யாணப் பதிவேட்டிலும் அவளே கையெழுத்திட்டாள். ஆனால் மருத்துவமனையில் தாளை நீட்டினால் என் சட்டைப்பையிலிருந்து பேனா தானாக வெளியே வந்துவிடும்.

நோட்டும் என்னுடையதுதான். தேதி, எத்தனை முறை போனாள், ரத்தம் உண்டா, எடை என்ன என்று அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டிருந்தேன். "ராஜாக்களுக்குத்தான் வரலாறு எழுதுவாங்க. என் வயித்துக்கு எழுதுறது எங்கண்ணன் ஒருத்தர்தான்" என்று கூடத்தில் எல்லோரிடமும் சொல்வாள்.

கூடத்தில் அவள் பெயர் எக்ஸ்பிரஸ். மெஷினை விட்டுக் கிளம்பினால் நடுவில் எங்கும் நிற்காது. புதுக் கடைக்குப் போனால் துணியைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறைக் கதவு எங்கே என்று பார்ப்பாள். மாப்பிள்ளை அமைந்ததும் அந்தக் கதவால்தான். அவர் குழாய் வேலைக்காரர். கூடத்துக் கழிப்பறையைச் சரிசெய்ய வந்தவரின் தலைமாட்டில் நின்று இவள் மேற்பார்வை பார்த்தாள்.

"தாழ்ப்பாள் ஆடுதுங்க."

"ஆடாதும்மா. இப்பத்தான் முடுக்கினேன்."

"ஒரு நாளைக்கு எட்டு தரம் போறவ நான். நீங்க மாசத்துக்கு ஒரு தரம் வர்றவரு. யாருக்குத் தெரியும்?"

அதன்பிறகு அந்த மனிதர் வாரம் தவறாமல் வந்து தாழ்ப்பாளைச் சோதித்தார். கூப்பிட்டவர் யாருமில்லை.

கல்யாணமாகிப் பக்கத்து வீட்டிலேயே குடிவந்தார்கள். குழந்தை வேண்டும் என்றபோது, நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. என் நோட்டில் ரத்தக் கட்டம் எட்டு மாதமாக 'இல்லை' என்று இருந்தது. கரு தங்கியது. அவளுக்கு வாந்தி அதிகமாக இருந்ததால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். "மாத்திரையில ஒண்ணும் மாத்த வேண்டாம். அப்படியே தொடரட்டும்" என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம் எனக்குப் பயம். வயிற்றில் குழந்தை இருக்கும்போது இத்தனை மாத்திரையா? நிறுத்தினால் நோய் கிளம்பும். முழுதாகக் கொடுத்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ. பாதியாகக் கொடுத்தால் இரண்டு பக்கமும் பொருந்திவிடும் என்று என் கட்டிங் மாஸ்டர் புத்தி கணக்குப் போட்டது. ஞாயிறுதோறும் அவளுடைய மாத்திரை டப்பாவை நிரப்புவது நான்தான். புது பிளேடு எடுத்து, சாக்பீஸில் நடுக்கோடு குறித்து, தூள் சிந்தாமல் வெட்டினேன். "இனிமே பாதி" என்றேன். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னால் அது டாக்டரம்மா சொன்ன மாதிரி.

ஐந்தாம் மாதத்தில் என் கட்டங்கள் கெட்டுப்போயின. மூன்று முறை, ஐந்து முறை, ஒன்பது முறை. ரத்தம் உண்டு. பதினைந்து நாளில் இரண்டு கிலோ குறைந்தாள். மெஷினிலிருந்து எழுந்தவள் கதவுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். எக்ஸ்பிரஸ் என்று யாரும் கூப்பிடவில்லை. குழந்தை தங்குமா என்று மாப்பிள்ளை என்னிடம் கேட்டார். மறுநாள் காலையிலேயே அவளைக் குடல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா மாத்திரை டப்பாவைத் திறந்து ஒரு பாதியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது யார் வேலை? ரொம்ப அழகா வெட்டியிருக்காங்க."

"நான்தாங்க" என்றேன்.

"இந்த மாத்திரைக்கு மேல ஒரு பூச்சு இருக்குய்யா. இரைப்பையில கரையாம குடல்வரைக்கும் போய்ச் சேரணும்னுதான் அந்தப் பூச்சு. நீங்க வெட்டினதுல பாதி மருந்து போச்சு, மீதிப் பாதியும் போக வேண்டிய இடத்துக்குப் போகல. இந்த மாத்திரை குழந்தையை ஒண்ணும் பண்ணாது. நோய் கிளம்பினாத்தான் குழந்தைக்கு ஆபத்து."

தங்கை என்னைப் பார்த்தாள். "லைனிங்கைப் பிரிச்செடுத்துட்டுக் கோட்டு மாட்டிவிட்டிருக்கியே அண்ணே" என்றாள். சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு, "உள்ள இருக்கிறது நீ வெட்டுற துணி இல்லண்ணே" என்றாள். டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நோட்டையும் வாங்கிக்கொண்டாள். அவள் ஜெயித்ததில் நாலாவது அது.

முழு மாத்திரையோடு புதிதாக ஒரு மருந்தும் சேர்ந்தது. வாராவாரம் பரிசோதனை. ஏழாம் மாதத்தில் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. எழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் குடியேறியிருந்தது. நோட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அது சுலபமாக இருக்கவில்லை.

வலி வந்து மருத்துவமனையில் சேர்த்த காலையில் பிரசவ டாக்டர் பேசினார். நோய் அடங்கியிருக்கிறது, ஆசனவாய்ப் பக்கம் புண் இல்லை, குடலில் முன்பு ஆபரேஷனும் செய்ததில்லை. சாதாரணப் பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம், தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் என்றார்.

"ஆபரேஷனே பண்ணிடலாமே டாக்டர்? நேரா ஒரு கோடு, வேலை முடிஞ்சுது" என்றேன்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் வெட்டணும்" என்றாள் தங்கை. மாப்பிள்ளை சிரிப்பை மறைக்க இருமினார்.

நர்ஸ் சம்மதத் தாளை நீட்டினார். என் பேனா வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, பேனாவை இப்படிக் கொடு."

"நீ படுத்துக்கம்மா, வலியில எதுக்கு..."

"வலி எனக்குத்தானே? கையெழுத்தும் எனக்குத்தான். மூடியைக் கழட்டிக் கொடு."

கழற்றிக் கொடுத்தேன். அடுத்த வலி வந்து போகும்வரை காத்திருந்து, தாளைத் தொடையில் வைத்து எழுதினாள். ஐந்தாவது இது. எழுதி முடித்ததும் மாப்பிள்ளையிடம், "உள்ள கழிப்பறைத் தாழ்ப்பாள் ஆடுதான்னு பாருங்க" என்றாள். ஆடியது. அவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு போனார்.

பதினோரு மணி நேரம் கழித்து, விளக்குப் போடும் நேரத்தில், என் மருமகள் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். வெட்டு இல்லை, தையலும் இல்லை. எங்கள் இருவர் தொழிலுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

அந்தச் சம்மதத் தாளின் நகலை அலுவலகத்தில் கேட்டு வாங்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நோட்டு அவளுடையது. பசை என்னுடையது. கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போகிறது. பக்கத்தில் தேதியையும் அவளே எழுதியிருக்கிறாள்: 2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை.