இடுப்புக் கணினி
வேங்கிக்காலில் கணினி பழுதுபார்க்கும் கலையரசனுக்கு வேகம் என்றால் உயிர். வேளாண்மை அலுவலரான மனைவி கீதாஞ்சலி நடந்தபடியே காற்றின் ஈரத்தையும் வெயிலையும் அளக்க, ஒரு இடுப்புக் கணினி செய்தான். கடையில் இருந்ததிலேயே வேகமான பிராசஸரை அதில் வைத்தான். கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலைக் கொல்லையில் பதினொரு மணிக்கே பேட்டரி தீர்ந்துபோனது.

"இடுப்புல தோசை சுடுதுங்க இது. பத்து நிமிசத்துக்கு ஒருதரம் அளக்கறதுக்கு இவ்ளோ வேகம் எதுக்கு?" என்றாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அளக்கும்போது மட்டும் விழித்து மற்ற நேரம் தூங்கும் சின்னப் பிராசஸர் ஒன்றை வாங்கினான். ஆனால் அளக்கும் சென்சார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் இடுப்பைச் சுற்றித் தொங்கியது.

"இன்னாம்மா, குளுக்கோஸ் ஏத்திக்கினே வேலைக்கு வந்துட்டியா?" என்று கொல்லைக்காரி வெள்ளையம்மாள் அவளைக் கேட்டுவிட்டாள்.

கலையரசன் அத்தனை ஒயரையும் பிடுங்கினான். தொழிலில் பஸ் என்று சொல்லும் பொதுப்பாதையை இரண்டே ஒயரில் அமைத்து, ஒரே கொடியில் துணி காயப்போடுவதுபோல் எல்லா சென்சாரையும் அதில் தொங்கவிட்டான். சின்னப் பிராசஸரால் பேட்டரி வாரக்கணக்கில் நின்றது. பெட்டியும் புடவை மடிப்புக்குள் அடங்கியது; பொட்டளவு சென்சார்கள் மட்டும் வெளியே எட்டிப்பார்த்தன.

"யாராச்சும் என்னனு கேட்டாங்களா?" என்று ஆசையாகக் கேட்டான்.

"யாருக்கும் தெரியவே இல்லைங்க," என்றாள் அவள் சந்தோஷமாக.

அவனுக்கு மனசு ஆறவில்லை. அதேபோல் இன்னொன்று செய்து, சட்டைக்கு மேலே கட்டிக்கொண்டு ஒரு வாரம் கடைக்குப் போய்வந்தான்.