பத்தொன்பதில் ஒட்டிக்கொண்ட பசை

பல் தேய்ப்பதற்கு முன்பே கைப்பேசியைத் திறந்து எண்ணத் தொடங்கிவிடுவார், எங்கள் தெருப் பாலிமர் அம்மா. அவர் எண்ணுகிற சத்தத்தில்தான் சூரியனே எழுகிறது. சரி, சூரியனை விட்டுவிடுவோம். கணவர் எழுகிறார் என்பது மட்டும் சத்தியம்.

பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக், பசை போன்ற பாலிமர்களை ஆராய்பவர் அவர். தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை உலகில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. நேற்று ஆயிரத்து இருநூற்றாறு என்றால் இன்று ஆயிரத்து இருநூற்றேழு. "ஒண்ணு ஏறிடுச்சுங்க!" என்று கூவுவார். "நம்ம கல்யாணத்துக்கே இவ்வளவு பேர் வரலியே," என்பார் கணவர், போர்வைக்குள்ளிருந்து. ஒருமுறை யாரோ இவருடைய உலர்த்தும் முறையை வீண்வேலை என்று எழுதி மேற்கோள் காட்டியிருந்தார். அதற்கும் குறைவில்லாத குதூகலம். "திட்டினா என்னங்க? கணக்குல சேருதுல்ல!"

கடையில் பை கொடுத்தால் சும்மா வாங்கமாட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் இழுத்து, காதருகே கசக்கிக் கேட்பார். "ரெண்டு கிலோவுக்கு மேல தாங்காதுப்பா." மூன்று கிலோ வாங்கியவர்கள் சத்தமில்லாமல் இன்னொரு பை கேட்பார்கள். பிளாஸ்டிக்தானே என்று யாராவது மட்டமாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது: "உங்க தலைமுடிகூட பாலிமர்தான். நல்ல ரகம் இல்ல, அதான் கொட்டுது."

இந்த ஆண்டு பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். மூன்று முறை கைநழுவிய பதவி; ஓய்வுக்கு முன் இதுவே கடைசி வாய்ப்பு. நிபந்தனை எளிது: இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது மேற்கோள். பத்தொன்பது கட்டுரைகள் தேறிவிட்டன. இருபதாவது, ஈரத்திலும் விடாமல் பிடிக்கும் பசையைப் பற்றியது. அது பத்தொன்பது மேற்கோளில் ஒட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினால் கணக்கில் சேராது. மல்லுக்கட்டி அந்த விதியைக் கொண்டுவந்தவரே இவர்தான். "கண்ணாடியப் பாத்து நாமளே வணக்கம் வச்சுட்டு, ஊரே கும்பிடுதுன்னு சொல்லலாமா சார்?" என்று துறைத்தலைவரை மடக்கியவர்.

கடைசி நாள். மாலை நான்கு மணிக்குள் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். காலை பதினொன்றரைக்கு, ஆய்வகத்தில், பசையின் எண் இருபதாக மாறியது. அங்கே பாலிமர்ப் பட்டைகளை அறுகிற வரை இழுக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர் ஒருவர் உண்டு. பேச்சையும் அப்படியே இழுப்பதால் இழுவைக்காரர் என்றே பெயர். "இப்ப அறுந்தது பட்டையா, நீங்க கத்தினீங்களா மேடம்?" என்று ஓடிவந்தார். அதற்குள் படிவத்தில் இருபது என்று பெரிதாக எழுதி, கணவரையும் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாயிற்று.

இழுவைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"மேடம், மேற்கோள் காட்டின கட்டுரைய எழுதினது யாருன்னு பாத்தீங்களா?"

"என் பழைய மாணவிதான். தங்கமான பொண்ணு."

"தங்கம் மட்டுமா? மொத்தம் ஒன்பது பேரு. எட்டாவது பேரைப் படிங்க."

படித்தார். எட்டாவது பெயர் அவருடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மாணவிக்கு நாலு பட்டைகளைச் சோதித்துக் கொடுத்திருந்தார். நன்றிக்காக உங்கள் பெயரையும் சேர்க்கட்டுமா என்று அவள் மின்னஞ்சலில் கேட்க, இவர் முழுதும் படிக்காமலே "சரிம்மா" என்று பதில் போட்டுவிட்டு மறந்திருந்தார். எண்ணைப் பார்ப்பாரே தவிர, பெயரைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு என்றுமே இல்லை.

"எட்டாவது பேரை யாரு படிக்கப் போறா? அப்படியே குடுத்துடும்மா," என்றது கைப்பேசி.

நெஞ்சுரம் என்றால் அதுதான். கேட்ட அந்த நொடியே, கண் இமைக்காமல், இருபதை அடித்துப் பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"எது, அந்த நொடியேவா?" என்கிறார், நான் இதை எழுதும்போதே என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் இழுவைக்காரர். "நான் சொன்னது பதினொண்ணரைக்கு. அவங்க அடிச்சது நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது. அதுவரைக்கும் பேனா மூடியக் கடிச்சுக் கடிச்சு, மூடியே சப்பையாயிடுச்சு."