மச்சம் வைத்த குழந்தை

போரில் நான் துப்பாக்கியால் சுட்டது ஒரே ஒரு முறை. குண்டு எங்கள் முகாமின் தண்ணீர்ப் பீப்பாய்மேல் பட்டது. மற்றபடி நான் லாரி ஓட்டினேன், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, என் போர் நினைவுகளைச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டேன். விற்காத பிரதிகள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. வீடு பெருக்கும்போதெல்லாம் என் மனைவி அவற்றுக்கு அர்ச்சனை செய்வாள்.

அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எரிகிற ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, லாரியில் இடம் கிடைக்காத ஒரு பெண் தன் கைக்குழந்தையை மட்டும் என்னிடம் நீட்டினாள். அடுத்த முகாமின் மருத்துவக் கூடாரத்தில் அதை ஒப்படைத்தேன். எழுத உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? கண் காது மூக்கு வைத்ததோடு நில்லாமல், குழந்தையின் இடது கன்னத்தில் ஒரு மச்சமும் வைத்தேன். தாயைக் கையசைத்தபடி சிலைபோல நிற்க வைத்தேன். "அந்தக் குழந்தை இன்று எங்கே இருக்கிறதோ..." என்று மூன்று புள்ளியோடு முடித்துவிட்டு, நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று புள்ளிக்குப் பதில் போன மாதம் வாசலில் வந்து நின்றது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். வேலைக்குப் போன ஏதோ அலுவலகத்தில், நான் இலவசமாகத் தள்ளிவிட்டு வந்த பிரதி அவர் கையில் சிக்கியிருக்கிறது.

"நான் அனாதை இல்லத்துல வளர்ந்தவன் சார். ராணுவ லாரியில வந்த குழந்தைன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. நீங்க எழுதின முகாம் பக்கத்துலதான் எங்க இல்லம்" என்றவர், இடது கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஆனா எனக்கு மச்சம் இல்லையே. அப்ப அது நான் இல்லதானே? கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மச்சமெல்லாம் இவரு வச்சதுங்க. மொதல்ல எழுதினப்ப வலது கன்னத்துல இருந்துச்சு."

எனக்கு மானம் போயிற்று. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

"அப்ப நானா இருக்கலாமா சார்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அன்னிக்கு எத்தனையோ லாரி போச்சு."

"அந்தம்மா நின்னு கையசைச்சாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் நீங்க வச்சதா? பெத்தவளே தொல்லை விட்டுதுன்னு ஏத்தி விட்டுட்டாளாம்னு இல்லத்து ஆயா சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க புத்தகத்தைப் படிச்சா எனக்கும் அப்படித்தான் தோணுது."

கம்பீரமாக இருக்கட்டும் என்றுதான் அவளை நிற்க வைத்தேன். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் நான் பார்த்தது வேறு. அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. வீரனாம் வீரன்!

"நிக்கலை தம்பி. குடுத்த கையோட திருப்பிக் கேட்டாங்க. குடுத்துடு, குடுத்துடுன்னு கத்திக்கிட்டே லாரி பின்னாடி ஓடி வந்தாங்க. விழுந்தாங்க. எந்திரிச்சு மறுபடியும் ஓடி வந்தாங்க. பின்னாடி குண்டு விழுந்துக்கிட்டிருந்துச்சு. நான் நிறுத்தலை."

அது தன் தாய்தானா என்று அவர் கேட்கவில்லை.

"எவ்வளவு தூரம் ஓடி வந்தாங்க சார்?"

"என் கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஓடி வந்துக்கிட்டேதான் இருந்தாங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.