ஆர்வோ பெல்கோலாவின் ரேடியோ சறுக்கிய கதை

ரெய்னோ காலுங்கிக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. கடையில் எதிரே வந்து சிரிக்கிற ஆளை யாரென்று தெரியாமல் விழிப்பார். அதே ஆள் ரேடியோவில் தொண்டையைச் செருமினால் போதும். பெயர், ஊர், கூரைக்கு மேல் அவன் கட்டியிருக்கும் ஏரியல் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்பது வரை சொல்லிவிடுவார். இளமையில் சுப்பீரியர் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப்போன கப்பல்களில் ரேடியோக்காரராக இருந்தவர். இறங்கிய பிறகு காகித ஆலையில் மின்வேலை. "என்னைப் பாத்ததைவிட அந்தப் பெட்டியைக் கேட்டதுதான் அதிகம்" என்று சொல்லிவிட்டு மனைவி விலகிப் போனாள். அது உண்மை.

அந்த ஏரிக்குள் நீளும் கீவினா தீபகற்பத்தில் பனி விழத் தொடங்கினால் சாலை இருக்கிற இடமே தெரியாது. கைபேசிக் கோபுரம் காட்டுக்குள் எட்டுவதும் இல்லை. அதனால் தினமும் காலையில் எண்பது மீட்டர் அலையில் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் கூட்டம் கூடும். பராகாவில் இருக்கும் டெல்பின் கடாட் ஒவ்வொருவரையும் அழைப்பாள். "இருக்கேன்" என்று பதில் வந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, ஆள் நடமாடுகிறது என்று அர்த்தம்.

இலையுதிர் காலத்தில் ஆர்வோ பெல்கோலாவின் சாவி அடங்கியது. ரேடியோக்காரர்கள் செத்தான் என்று சொல்ல மாட்டார்கள்; தந்திச் சாவி அடங்கிவிட்டது என்பார்கள். காட்டுப் பாதையின் கடைசி வீட்டில் அவர் மனைவி எல்மா தனியாளானாள். துலூத் நகரிலிருந்து மகள் மார்லிஸ் வந்து நின்றாள், அம்மாவைக் கையோடு கூட்டிப்போக. எல்மா அசையவில்லை. எழுபதைத் தாண்டிய வயதில் பரீட்சை எழுதி, ரேடியோ உரிமம் வாங்கிக்கொண்டு வந்து மகள் முன்னால் போட்டாள். கடைசியில் தாயும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தினமும் காலையில் எல்மாவின் குரல் கூட்டத்தில் கேட்க வேண்டும். கேட்காத அன்று டெல்பின் மார்லிஸுக்குப் போன் செய்வாள். அன்றே வண்டி வரும், பேச்சுக்கே இடமில்லை.

குளிர் இறுகியதும் எல்மாவின் குரல் காணாமல் போகத் தொடங்கியது. முதல் தடவை மார்லிஸ் விசாரித்தபோது டெல்பின் குரல் கேட்டதாகச் சொல்லிச் சமாளித்தாள். இரண்டாம் தடவையும் அப்படியே சொல்லிவிட்டு ரெய்னோவை அழைத்தாள்.

"கிழவா, அந்தச் சின்னப் பொண்ணு ரேடியோவைப் போய்ப் பாரு. நான் இன்னொரு தடவை பொய் சொல்ல மாட்டேன்."

ரேடியோவில் ஆண்களெல்லாம் கிழவர்கள், பெண்களெல்லாம் சின்னப் பெண்கள். எந்த வயதானாலும் அப்படித்தான்.

ரெய்னோ போனபோது எல்மா ஏலக்காய் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ஆர்வோவின் மேசை அப்படியே இருந்தது. சாம்பல் நிறப் பெட்டி, தேய்ந்த குமிழ், மரநாற்காலி. நாற்காலியின் மேல் அவருடைய கம்பளிச் சட்டை.

"என்ன பண்ணுது?"

"ஆரம்பத்துல எல்லாரும் நல்லாப் பேசுறாங்க. கொஞ்ச நேரத்துல வாத்து கத்துற மாதிரி ஆகிடுது. என் பேர் வரும்போது நானும் கத்துறேன், ஒருத்தனுக்கும் கேக்கல."

"குமிழைத் திருப்பிப் பாத்தியா?"

"அது அவர் வச்ச இடம். நான் எதுக்குத் தொடணும்?"

"சர்ச் மணியா அது, பாதிரியாரைத் தவிர வேற யாரும் தொடக்கூடாதுன்னு?"

"வந்த வேலையைப் பாரு. உன் வாயை ரிப்பேர் பண்ண ஆள் வேணும்."

அலையைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர்தான் ரேடியோவின் நாடி. அது ஒரே சீராகத் துடித்தால் பெட்டி அலைவரிசையில் சொன்ன இடத்தில் நிற்கும். தளர்ந்தால் பெட்டி மெல்ல மெல்லக் கீழே சறுக்கும். ரெய்னோ கொண்டுவந்த சின்ன ரேடியோவைப் பக்கத்தில் வைத்து, ஆசிலேட்டரின் துடிப்பைச் சீழ்க்கை ஒலியாகப் பிடித்தார். பெட்டி சூடேற ஏற, சீழ்க்கை படியிறங்குவதுபோல் தணிந்துகொண்டே போனது.

"இவ்வளவு சறுக்குமா?" என்றார் தனக்குள். இந்தப் பெட்டியோடு ஆண்டுக்கணக்காகப் பேசியவர் அவர். ஒருநாளும் கவனித்ததில்லை.

ஏன் கவனிக்கவில்லை என்பதும் உடனே புரிந்தது. ஆர்வோ பேச ஆரம்பித்தால் கரடி, மீன், உருளைக்கிழங்கு என்று நிறுத்தவே மாட்டார். குமிழைத் தொடவும் மாட்டார். "நகந்தது நீங்கதான், நான் இல்ல" என்பார். ஒருவன் ரேடியோ சறுக்குகிறது என்று முகத்துக்கு நேரே சொல்வது அவர்களிடையே மரியாதையில்லை. கேட்கிறவன் சத்தமில்லாமல் தன் குமிழை ஒரு மயிரிழை திருப்பிக்கொள்வான். ஆர்வோ சறுக்கச் சறுக்க, மொத்தக் கூட்டமும் அவர் பின்னாலேயே இறங்கிப் போயிருக்கிறது. காலையில் ஓரிடத்தில் தொடங்கி, முடியும்போது எங்கேயோ கீழே நிற்கும். எல்லோரும் சேர்ந்து நகர்ந்ததால் நகர்ந்தது யாருக்கும் தெரியவில்லை.

ரெய்னோ ஆசிலேட்டரின் தகர மூடியைக் கழற்றினார். உறிஞ்சுகுழலை வாயில் வைத்து, உள்ளே இருந்த பாகங்கள் மேல் ஒவ்வொன்றாகத் தன் மூச்சின் சூட்டை ஊதினார். சீழ்க்கை அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. ஓரத்தில் இருந்த பழுப்பு நிறக் கெப்பாசிட்டர் மேல் ஊதியதும் சீழ்க்கை சட்டென்று வழுக்கியது.

"அகப்பட்டுக்கிட்டான்," என்றார்.

மூடி இல்லாதபோது ஆசிலேட்டர் மனித உடம்பை உணரும். கையைக் கிட்டே கொண்டுபோனால் சீழ்க்கை தாழும், எடுத்தால் ஏறும். அதனால் பட்டறைப் பையை எடுக்கக் கதவருகே போன ரெய்னோ, பின்னால் சீழ்க்கை தாழ்ந்ததும் எல்மாதான் வந்து மேசைமேல் குனிந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"கையை எடு எல்மா."

"நான் இங்க இருக்கேன்," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பினார். மேசையருகே யாரும் இல்லை. சீழ்க்கை தாழ்ந்தபடியே நின்றது, சூட்டில் சறுக்குவதுபோல இல்லாமல், கையொன்று மேலே காத்திருப்பதுபோல அசையாமல். ஜன்னலுக்கு வெளியே பனி நேராக விழுந்துகொண்டிருந்தது. பிறகு சீழ்க்கை தானாக மேலேறி பழைய இடத்துக்கு வந்தது.

எல்மா காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். "காப்பி வாசனை வந்தா எந்திரிச்சுப் போவாரு," என்றாள், பாலை எடுத்துவை என்பதுபோலச் சாதாரணமாக.

"பழைய வீடு. தரைப்பலகை அசைஞ்சிருக்கும்."

"அப்படியே வச்சுக்க."

ரெய்னோ மறுபடி பெட்டிமேல் குனிந்தார். கெட்ட கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். மூடியைத் திருகி இறுக்கினார். பெட்டி நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து கேட்டார். சீழ்க்கை கம்பி கட்டி இழுத்ததுபோல நின்றது. சட்டை கிடந்த நாற்காலியில் மட்டும் அவர் உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார்.

"இனிமே நகராது. காலையில போடு, பேர் வந்தா பேசு."

"நகரலைன்னா அவர்…" என்று தொடங்கிய எல்மா நிறுத்திக்கொண்டாள். "சரி. எனக்கு இந்த வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் காலை புயல் வந்துவிட்டது. ரெய்னோ தன் வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். டெல்பின் கூப்பிடத் தொடங்கினாள். ஹான்காக்கிலிருந்து பட் ஹெய்க்கின், வாசலைக் காணோம், ஜன்னல் வழியாகத்தான் நாயை வெளியே விட்டேன் என்றான். அடுத்தவர், அதற்கடுத்தவர். எல்லாக் குரலும் தெளிவு. உரிமத்தில் எல்மாவுக்குக் கொடுத்த அழைப்பெழுத்துகளை டெல்பின் சொன்னாள்.

பதில் இல்லை.

டெல்பின் மறுபடி அழைத்தாள். வெறும் இரைச்சல்.

"ரெய்னோ, நேத்துப் போனியே, என்ன ஆச்சு? மார்லிஸ் போனுக்குப் பக்கத்துலேயே உக்காந்திருக்கா."

"கல்லு மாதிரி நிக்குது, நானே பாத்தேன்…" என்று சொன்ன ரெய்னோவின் கண் தற்செயலாக அலையின் எண்ணைக் காட்டும் பலகைமேல் விழுந்தது. பேச்சு வாயிலேயே நின்றது. தொடங்கிய இடத்தைவிட்டு அவர் எவ்வளவோ கீழே இருந்தார். அவருடைய இடது கை குமிழ்மேல் இருந்தது. எப்போது போய் உட்கார்ந்ததென்று தெரியவில்லை.

"எல்லாரும் எண்ணைப் பாருங்க," என்றார். "நாம இறங்கிட்டோம்."

"அட ஆமா," என்றான் பட். "நான் டெல்பின் பின்னால வந்தேன்."

"நான் ரெய்னோ பின்னால வந்தேன்," என்றாள் டெல்பின்.

"நான் யார் பின்னால வந்தேன்?" என்றார் ரெய்னோ. அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "சறுக்குற ரேடியோ நம்மகிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. அதை நேத்து நான் நிறுத்திட்டேன்."

அவர் ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். அந்த இரைச்சலுக்கு அடியில் மெல்லிய ஒலியொன்று ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். பேச ஆள் இல்லாத ரேடியோ ஒன்று அலையை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் கேட்கும் ஒலி அது. கப்பல் காலத்திலிருந்து காதை நம்பியே வாழ்ந்தவர் ரெய்னோ. அந்த ஒலி இன்னும் கொஞ்சம் தாழ்ந்ததும், தன் விரல்களும் மயிரிழை திரும்புவதை அவர் பார்த்தார்.

"இதைத்தான் நான் விடாமப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன்," என்றான் பட் மெதுவாக. "யாரோ மைக்கை அமுக்கிட்டு யோசிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

டெல்பின் பிரார்த்தனையின் முதல் வரியைத் தொடங்கிவிட்டு நிறுத்தினாள். ரெய்னோ வலுக்கட்டாயமாகக் குமிழைப் பிடித்து மேலே திருப்பினார். இரைச்சல், இரைச்சல், அப்புறம் தொடங்கிய இடத்தில், கல்லாக நின்ற ஒரு குரல்.

"…இருக்கேன். எல்மா பேசுறேன். இருக்கேன். எல்லாரும் எங்கடா போய்த் தொலைஞ்சீங்க? இருக்கேன்."

"கேக்குது எல்மா! அங்கேயே இரு. நாங்க கீழ போயிட்டோம்."

"யாரு கூட்டிட்டுப் போனது?"

ரெய்னோ பதில் சொல்லவில்லை. எல்மா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

"விடுங்க அவரை," என்றாள். "எவ்வளவு தூரம் அவர் கூடப் போவீங்க? எனக்கு இங்க அடுப்பு எரியுது, பட்டினி கிடக்கல. நான் நிக்கிற இடத்துக்கு வாங்க."

ரெய்னோ குமிழைத் திருப்பி அலையில் கீழே போய்க் கூட்டத்திடம் சொன்னார். ஒவ்வொருவராக மேலேறி வந்தார்கள். டெல்பின் பட்டியலை முதலிலிருந்து தொடங்காமல் எல்மாவிலிருந்து தொடங்கினாள்.

"இருக்கேன்."

"கேட்டுது, சின்னப் பொண்ணே. உன் மகளுக்கும் சொல்லிடுறேன். இனிமே தினமும் உன் ரேடியோதான் எங்களுக்கு அளவு. நீ நிக்கிற இடத்துலதான் நாங்க நிப்போம்."

"நிப்பீங்களான்னு பாப்போம்," என்றாள் எல்மா.

பட் தன் நாயைப் பற்றித் தொடர்ந்தான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ரெய்னோவுக்குக் கை மறுபடி குமிழ்மேல் இருப்பது தெரிந்தது. வலது கையால் அதைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்து, கூட்டம் முடியும்வரை விடாமல் பிடித்துக்கொண்டார்.