பட்டாணி ஊட்டிக்குப் போகவில்லை

போன வாரம் பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. 'நம்ம பட்டாணி ஓய்வெடுக்க ஊட்டிக்குப் போயிருக்கு!'

பட்டாணி யார் என்கிறீர்களா? நாவலூர் பக்கம் என் மகள் நிலா படிக்கும் பள்ளியில் இருந்த போனி — குட்டைக் குதிரை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் குதிரை வகுப்பு உண்டு. ஏறி உட்காருவதெல்லாம் பிறகுதான்... முதலில் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும், சாணி அள்ள வேண்டும். வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காத என் மகள், அங்கே சந்தோஷமாகச் சாணி அள்ளினாள்!

செய்தியை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொய்ம்மா. பட்டாணி செத்துப்போச்சு."

அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். பட்டாணி சாவதற்கு முந்தின நாள் ஆண்டு விழா ரிகர்சல். தண்ணீர் குடிக்கப் போனவள் லாயத்தை எட்டிப் பார்த்திருக்கிறாள். பட்டாணி படுப்பதும் புரள்வதும் எழுவதுமாக, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததாம். வயிற்றுவலி வந்த குதிரை அப்படித்தான் செய்யும், பார்த்தால் உடனே ஓடிவந்து சொல்லணும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஓடினாள். விழாப் பொறுப்பிலிருந்த மிஸ், "நிலா, லைன்ல நில்லு. ரிகர்சல் முடியட்டும்" என்றாராம்.

மறுபடியும் போய்ச் சொன்னாள்.

"ஒருதடவை சொன்னா புரியாதா உனக்கு?"

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாவோ அன்று மேடைக்கு நாற்காலி சுமந்துகொண்டிருந்தார். எல்லாம் முடிந்து அவர் வந்து பார்த்து, டாக்டரை வரவழைத்து, ஊசி போட்டு... விடிவதற்குள் பட்டாணி போய்விட்டது. மறுநாள் லாயத்துக்கு ஓடிய நிலாவிடம் அவரால் மறைக்க முடியவில்லை. "இன்னா பண்றது பாப்பா... லேட்டாயிடுச்சு" என்று அழுதிருக்கிறார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா யாரும்மா கேக்கறீங்க?"

எங்கள் வீடு இருக்கும் ஊரப்பாக்கத்திலிருந்து மறுநாள் அவளோடு நானும் பள்ளிக்குப் போனேன். சண்டை போடத்தான். ஆனால் அந்த மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதியாகிவிட்டது. அவர் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருக்க வேண்டும்.

"பசங்க தாங்க மாட்டாங்கன்னுதான் மேம் ஊட்டின்னு போட்டோம்..." என்றவர், நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரிம்மா நிலா. நீ சொன்னப்பவே நான் வந்திருக்கணும்."

நிலா அவரையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எங்கிட்ட எதுக்கு மிஸ் சாரி? எனக்கா வலிச்சுது?"



கவனித்துப் பார்க்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம்... அவர்கள் பார்த்ததைச் சொல்ல வரும்போது காது கொடுக்க, நமக்கு யார் வகுப்பு எடுப்பது?